போரைப் பின்தொடராத பட்டியல்: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

வெளியுறவு அமைச்சகத்தில் புலம்பெயர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வெளிநாடு வாழ்வோர் நலனைக் கவனிக்கும் துறைகளுக்கும்,

வணக்கம்.

களியக்காவிளையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பம், இ-விசா படிவம், போலீஸ் கிளியரன்ஸ், விமான டிக்கெட் என்று வெளிநாடு போகிறவர்களுக்கு வேண்டிய காகித வேலையெல்லாம் இங்கே நடக்கும். நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் கடற்கரைக்காரர்கள் வருவார்கள். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூர், பாறசாலை, நெய்யாற்றின்கரைக்காரர்களும் வருவார்கள். தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார்கள், அல்லது அதை மாற்றிச் செய்வார்கள். இரண்டும் எங்களுக்கு வீட்டு மொழிதான்.

போர் நடக்கும் நாடுகளுக்கு எங்கள் பகுதியிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். படிவத்தின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. போகவே கூடாத பையன் நாலு நாளில் விசா வாங்கிப் போய்விடுகிறான். போயே ஆக வேண்டிய தாய் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் காரணம், உங்கள் விதிகள் போர் எங்கே நடக்கிறது என்று பார்த்து எழுதப்படவில்லை என்பதுதான்.

முதலில் அந்தப் பையனைப் பற்றிச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் ‘இசிஆர்’, அதாவது வெளிநாட்டு வேலைக்கு அரசு அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. அவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குப் போவதானால் புலம்பெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். முதலாளி யார், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாக வேண்டும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுத்தாக வேண்டும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்குப் பத்து லட்சம். நல்ல ஏற்பாடு. வளைகுடாவுக்குப் போன எத்தனையோ பேரை இது காப்பாற்றியிருக்கிறது என்பதை நான் மனதாரச் சொல்வேன்.

அந்தப் பட்டியலில் சவுதி, குவைத், ஓமன், எமிரேட்ஸ் இருக்கின்றன. மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியாவும் இருக்கின்றன. ஏமன், சிரியா, லிபியா, சூடான், ஈராக், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன. ஆனால் ரஷ்யா இல்லை. உக்ரைன் இல்லை. இஸ்ரேல் இல்லை. ஈரான் இல்லை. கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போகிறவருக்கு நீங்கள் வைத்திருக்கும் தடுப்பு, பீரங்கி வெடிக்கிற எல்லைக்குப் போகிறவருக்கு இல்லை.

அப்புறம் இன்னொன்று. எங்கள் விளவங்கோடு பகுதியிலும் அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரையிலும் பத்தாம் வகுப்பு தேறாத இளைஞரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லோரும் பிளஸ் டூ, ஐடிஐ, டிப்ளமோ. அதனால் பட்டியலில் இருக்கும் நாட்டுக்குப் போனாலும் அந்த அனுமதி அவர்களுக்குத் தேவையில்லை. படித்தவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்று எண்ணி இந்த விதியை அந்தக் காலத்தில் எழுதியிருக்கலாம். ரஷ்யப் படையில் போய் மாட்டிக்கொண்டவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள்.

ரஷ்யா 2023 ஆகஸ்ட் முதல் இந்தியர்களுக்கு இ-விசா தருகிறது. அழைப்புக் கடிதம் வேண்டாம், ஹோட்டல் பதிவு வேண்டாம். புகைப்படம், பாஸ்போர்ட் நகல், கட்டணம், அவ்வளவுதான். சுற்றுலாப் பயணிக்கு இது வசதி, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த விசாவில் வேலை செய்ய முடியாது என்பதை ஏஜென்ட் சொல்லமாட்டார். என் கடைக்கு ஒரு பையன் வந்தான். பேச்சில் அத்தனை நம்பிக்கை. “செக்யூரிட்டி வேலதான் அண்ணே, சண்டைக்கெல்லாம் போவண்டாம். அங்க போனதும் விசாவ மாத்தித் தருவாங்க” என்றான். வேலை ஒப்பந்தம் கேட்டேன், இல்லை. முதலாளி பெயர் கேட்டேன், அதுவும் இல்லை. ஏஜென்டின் வாட்ஸ்அப் எண் மட்டும் இருந்தது. கொடுத்த பணம் லட்சக் கணக்கில். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான் என்று நீங்களே விதி வைத்திருக்கிறீர்கள். அது அந்தப் பையனுக்குத் தெரியாது, அவன் அப்பாவுக்கும் தெரியாது. அவன் அம்மாவை வரவழைத்து, இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பெயரே இல்லை என்பதைத் திரையில் காட்டினேன். அன்றைக்கு அந்தப் பயணம் நின்றது.

ஆனால் இதைச் செய்ய வேண்டியது ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரனா? நான் கடையில் இல்லாத நாளில் வருகிறவனுக்கு யார் சொல்வார்கள்? படிவம் நிரப்புவது மட்டும்தான் தன் வேலை என்று நினைக்கிற கடைக்காரரிடம் போகிறவனுக்கு யார் சொல்வார்கள்?

2024-ல் அஞ்சுதெங்கு, பொழியூர் கடற்கரை இளைஞர்களின் செய்தி வந்தபோது எங்கள் கடைத்தெரு முழுக்க அதே பேச்சு. வேலை என்று ரஷ்யாவுக்கு அழைத்துப் போய், கையெழுத்து வாங்கி, பயிற்சி கொடுத்துப் போர்முனைக்கு அனுப்பியிருந்தார்கள். சிலர் காயங்களோடு திரும்பி வந்தார்கள். பொழியூர் என்றால் எங்களுக்கு ஏதோ வெளி மாநிலத்து ஊர் இல்லை, கொல்லங்கோடு தாண்டினால் பொழியூர். அந்த ஆண்டு மார்ச்சில் சிபிஐ பல நகரங்களில் சோதனை நடத்தி இந்த ஆள்கடத்தல் கும்பல் மீது வழக்குப் போட்டது. ஜூலையில் பிரதமர் மாஸ்கோவில் இந்த விஷயத்தைப் பேசினார். 2025 ஜனவரியில் நீங்களே ஒரு கணக்குச் சொன்னீர்கள்: ரஷ்யப் படையில் சேர்ந்த இந்தியர்களாக அறியப்பட்டவர்கள் 126 பேர், திரும்பியவர்கள் 96 பேர், இறந்தவர்கள் 12 பேர், எங்கே என்றே தெரியாதவர்கள் 16 பேர். அந்தக் கணக்கு வந்த அதே மாதத்தில்தான் திருச்சூர்க்காரர் ஒருவர் இறந்த செய்தியும் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு ரஷ்யா அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. பிரதமர் பேசி மீட்டுக்கொண்டு வர வேண்டிய அளவுக்குப் பெரிய விஷயம், போகும் வழியில் ஒரு கேள்வி கேட்டு நிறுத்த வேண்டிய விஷயமாக உங்களுக்குத் தோன்றவில்லையா?

ஈரான் விஷயம் எங்கள் கடற்கரைக்கு இன்னும் நெருக்கம். இங்கிருந்து ஈரானுக்குக் கடல் தொழிலுக்குப் போவது பல வருஷப் பழக்கம். அங்குள்ள முதலாளியின் போட்டில் வேலை, பிடிக்கிற மீனில் பங்கு. மாதச் சம்பளம் கிடையாது. மீன் கிடைக்காத காலத்தில் கையில் ஒன்றும் இருக்காது, திரும்பி வர டிக்கெட்டுக்குக் கூட முதலாளியைத்தான் கேட்க வேண்டும். 2020-ல் கொரோனா காலத்தில் அங்கே சிக்கியவர்களை ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து ஏற்றி வந்து ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் இறக்கியது. 687 பேர். அதைச் செய்த கடற்படைக்கு எங்கள் கடற்கரை என்றைக்கும் நன்றியோடிருக்கும். ஐந்து வருஷம் கழித்து, 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது, மறுபடியும் குமரி மீனவர்கள் அங்கே சிக்கியிருந்தார்கள். வீட்டுப் பெண்கள் பங்குத்தந்தையிடமும் ஆட்சியரிடமும் மனு எடுத்துக்கொண்டு அலைந்தார்கள். எந்தத் தீவில், எந்த முதலாளியிடம், எத்தனை பேர் என்ற கணக்கு அரசிடம் முன்கூட்டியே இல்லை. ஈரான் பட்டியலில் இல்லாததால் இ-மைக்ரேட்டில் அவர்கள் பதிவாக வேண்டிய கட்டாயமே இல்லை. இருந்திருந்தால், இந்தியர்களை அங்கிருந்து மீட்கும் ‘ஆபரேஷன் சிந்து’ தொடங்கிய அன்றே பெயர், ஊர், துறைமுகம் எல்லாம் உங்கள் மேசையில் இருந்திருக்கும்.

அதற்கு மேல், ஈரான் 2024 பிப்ரவரி 4 முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாமலே வரலாம் என்று திறந்து வைத்தது. விமானத்தில் வர வேண்டும், சுற்றுலாவுக்கு மட்டும், 15 நாள். அதையும் ஏஜென்டுகள் பிடித்துக்கொண்டார்கள். வேலை தருகிறோம், அங்கிருந்து வேறு நாட்டுக்கு ஏற்றி விடுகிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். போய் இறங்கியவர்களைக் கடத்தி வைத்து வீட்டாரிடம் பணம் கேட்ட சம்பவங்கள் நடந்தன. கடைசியில் 2025 நவம்பர் 22 முதல் ஈரான் அந்தச் சலுகையையே நிறுத்திவிட்டது. மோசடியைக் காரணம் காட்டி எச்சரிக்கை விட்டவர்கள் நீங்கள்தான். விசாவை நிறுத்துவது அந்த நாட்டின் கையில் இருக்கிறது. ஆளை ஒரு கேள்வி கேட்டு அனுப்புவது நம் கையில்தானே இருக்கிறது? அதை ஏன் அவர்களுக்கு விட்டு வைத்தோம்?

இஸ்ரேலைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. இடுக்கியிலிருந்து போன பராமரிப்புப் பணிப்பெண் ஒருவர் 2021 மே மாதம் அஷ்கெலோனில் ராக்கெட் விழுந்து இறந்தார். கொல்லத்திலிருந்து போன இளைஞர் ஒருவர் 2024 மார்ச்சில் லெபனான் எல்லையோரத் தோட்டம் ஒன்றில் இறந்தார். அங்கே இன்றும் நம் பெண்கள் முதியவர்களைப் பார்த்துக்கொண்டு, சைரன் கேட்டால் பதுங்கு அறைக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த வேலையை நான் மதிக்கிறேன், அவர்களைப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. போகிற வீடு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், பதுங்கு அறை உண்டா, போர் வெடித்தால் திரும்பி வரும் செலவு யாருடையது என்ற மூன்று கேள்விக்குப் பதில் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். சாதாரணப் பயணக் காப்பீட்டில் போரால் வரும் இழப்புக்குப் பணம் தரமாட்டார்கள். அந்தச் சின்ன எழுத்தை வாசித்துச் சொல்லவும் ஆள் வேண்டும்.

மருத்துவம் படிக்கப் போகிறவர்களின் பெற்றோரும் என் கடைக்கு வருகிறார்கள். உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் மூடியிருக்கிறது, போலந்து, ருமேனியா, மால்டோவா மாதிரி ஒரு நாட்டுக்குப் போய்த் தரைவழியாகத்தான் நுழைய வேண்டும், போலந்தோ ருமேனியாவோ என்றால் அதற்குத் தனி விசா வேண்டும் என்று சொன்னால் அதிர்ச்சியாகிறார்கள். இன்னும் சிலர் பிள்ளையை, உக்ரைனிடமிருந்து ரஷ்யா பிடித்துக்கொண்ட கிரீமியாவில், சிம்ஃபெரோபோல் கல்லூரிக்கு அனுப்ப விசாரிக்கிறார்கள். ஏஜென்ட் அதை ரஷ்யா என்று சொல்லியிருப்பார். ரஷ்யா வழியாகக் கிரீமியாவுக்குள் நுழைவது உக்ரைன் சட்டத்தை மீறுவதாகும் என்பதும், நாளைக்கு அந்த நாட்டு வாசல் அந்தப் பிள்ளைக்கு மூடிப் போகலாம் என்பதும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

சரி, இப்போது அந்தத் தாயைப் பற்றி.

பாலக்காட்டு எல்லையில் கொல்லங்கோடு இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கொல்லங்கோடு வேறு, இது பொள்ளாச்சிக்கு மேற்கே இருப்பது, அங்கும் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. அந்த ஊரைச் சேர்ந்த செவிலியர் நிமிஷா பிரியா ஏமனில் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்று, தலைநகர் சனாவில் சிறையில் இருப்பது நாடறிந்த செய்தி. வழக்கின் நியாயத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. மகளைப் பார்க்கவும், இறந்தவரின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கவும் அவர் அம்மா ஏமன் போக நினைத்தார். 2017 செப்டம்பரில் நீங்கள் வெளியிட்ட அறிவிக்கையின்படி இந்தியப் பாஸ்போர்ட் ஏமன் பயணத்துக்குச் செல்லாது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் விலக்குத் தரலாம் என்று அந்த அறிவிக்கையிலேயே இடம் இருக்கிறது. மரண தண்டனையை எதிர்நோக்கியிருக்கும் மகளைப் பார்ப்பதைவிடத் தவிர்க்க முடியாத காரணம் ஒரு தாய்க்கு என்ன இருக்கப் போகிறது? ஆனாலும் வீட்டு வேலை செய்து பிழைக்கும் அந்த அம்மா டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி திறந்தது, அதுவும் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு. 2024 ஏப்ரலில் ஏடனில் இறங்கித் தரைவழியாகச் சனா போய் மகளைப் பார்த்தார்.

ஏமன் பயணத்தை நீங்கள் தடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. 2015-ல் ‘ஆபரேஷன் ராஹத்’ நடத்தி 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களை அங்கிருந்து மீட்டீர்கள், சனாவிலிருந்த தூதரகத்தை ஜிபூட்டிக்கு மாற்றினீர்கள். தூதர் இல்லாத ஊருக்கு, ஒரு பகுதியில் ஓர் அரசும் இன்னொரு பகுதியில் ஹூதி கிளர்ச்சியாளர்களும் ஆளுகிற நாட்டுக்கு, ஒருவர் கொடுத்த விசாவை இன்னொருவர் மதிப்பாரா என்று தெரியாத இடத்துக்கு, வேலைக்கென்று யாரையும் அனுப்பக் கூடாதுதான். நான் கேட்பது அந்த விலக்கு வாசலைப் பற்றி. எந்தப் படிவம், யாரிடம் கொடுக்க வேண்டும், என்ன சான்று வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும்? இது எங்கேயும் தமிழிலோ மலையாளத்திலோ எழுதி வைக்கப்படவில்லை. பிள்ளையின் உடலை வாங்கப் போகிறவர், சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர், காயம்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் கணவனைக் கூட்டி வரப் போகிறவர் ஆகியோருக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். மறுப்பதானால் காரணத்தோடு மறுக்கட்டும். வக்கீல் வைக்க முடிந்தவர்தான் மகள் முகத்தைப் பார்க்கலாம் என்ற நிலை வேண்டாம்.

முடியாததை நான் கேட்கவில்லை என்பதற்கு நீங்கள் செய்த ஒன்றே சாட்சி. 2014 ஜூலையில் ஈராக் போரில் சிக்கிய 46 செவிலியர்கள் அங்குள்ள திக்ரித்திலிருந்து கொச்சிக்குத் திரும்பினார்கள். அதே ஆண்டு மோசுலில் கடத்தப்பட்ட 39 தொழிலாளர்கள் திரும்பவில்லை. அவர்கள் கொல்லப்பட்டது 2018-ல்தான் உறுதியானது. அதையெல்லாம் பார்த்த பிறகு 2015-ல் ஒரு விதி கொண்டு வந்தீர்கள்: அந்த 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர், எவ்வளவு படித்திருந்தாலும், அனுமதி பெற்றே போக வேண்டும், ஆள் எடுப்பதும் வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்கா மாதிரி, தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மாதிரி அரசு அமைப்புகள் வழியாக. படிப்பை அளவுகோலாக வைக்காமல் ஆபத்தை அளவுகோலாக வைத்தீர்கள். அதை மீனவருக்கும், செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவருக்கும், பராமரிப்பு வேலைக்குப் போகிறவருக்கும் விரிக்க வேண்டும். ஒரு நாட்டுக்குப் போக வேண்டாம் என்று நீங்கள் பயண எச்சரிக்கை விடும் அன்றே, அந்த நாட்டுக்கு வேலைக்குப் போகும் எல்லோருக்கும், பாஸ்போர்ட் எந்த வகையானாலும், அனுமதி கட்டாயம் ஆகட்டும். எச்சரிக்கை நீங்கும் அன்றே அதுவும் நீங்கட்டும்.

1983-ஆம் ஆண்டின் புலம்பெயர்வுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதாவின் வரைவை 2025 அக்டோபரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டீர்கள். நான் மேலே சொன்னது அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவாக வரட்டும். பட்டியலைப் புதுப்பிக்க இன்னொரு உயிர்க்கணக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, எல்லையில் வாழ்கிறவர்களின் ஒரு தனிச் சிக்கல். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சொந்தபந்தங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன, ஏஜென்டுகளும் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நீரோடிப் பையன் ஏமாந்தால் ஏஜென்ட் கேரளத்தில் இருக்கிறார் என்று இங்குள்ள காவல் நிலையம் சொல்லும், பையன் தமிழ்நாட்டுக்காரன் என்று அங்குள்ள காவல் நிலையம் சொல்லும். நோர்க்கா அட்டை அவனுக்குக் கிடையாது. பாறசாலையில் இருக்கும் தமிழருக்குச் சென்னையின் திட்டங்கள் கிடையாது. திருவனந்தபுரத்தில் இருக்கும் பாதுகாவலர் அலுவலகம் எங்களுக்குப் பஸ்ஸில் போய் வரும் தூரம். தமிழ்நாட்டுக்காரன் என்பதால் சென்னையைப் பார்க்கச் சொல்கிறார்கள், அது ஒரு இரவு முழுக்க ரயில். திருவனந்தபுரம் அலுவலகத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கும் பதில் சொல்லும்படி ஓர் உத்தரவு போடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ, தமிழும் மலையாளமும் தெரிந்த ஓர் ஊழியர், ஏஜென்ட் பதிவைப் பார்த்துச் சொல்லும் ஒரு மேசையோடு உட்காரட்டும். அதே மாதிரி பாலக்காட்டிலும் மூணாறிலும் வேண்டும். இடம் இல்லை என்றால் என் கடையிலேயே ஒரு மேசை போட்டுக்கொள்ளலாம், வாடகை வேண்டாம்.

இந்த மடலின் நகலைக் கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியருக்கும், திருவனந்தபுரம் நோர்க்கா அலுவலகத்துக்கும், சென்னையில் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பியிருக்கிறேன். பதிலைத் தமிழில் அனுப்பினால் கடையின் முன்பக்கச் சுவரில் ஒட்டி வைப்பேன். மலையாளத்திலும் ஒரு பிரதி சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
படிவம் நிரப்பும் கடைக்காரன்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.